கையிருப்பு முகம்

தைச்சி பந்தை அடித்தால் செய்தி. அடிக்காவிட்டால் அதைவிடப் பெரிய செய்தி. அவன் பேஸ்பால் ஆடுவது அமெரிக்காவில், அல்லாடுவது இங்கே நாங்கள். காலையில் டி.வி.யைப் போட்டால் எந்தச் சேனலிலும் அவன்தான். என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம் தூங்கினான், அவனுடைய நாய் சோபாவின் எந்த மூலையில் படுத்தது என்று ஸ்டுடியோவில் நாலு பேர் உட்கார்ந்து பலகையில் படம் ஒட்டி மணிக்கணக்கில் அலசுவார்கள். போன வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலை சரிந்து வீடுகள் புதைந்தபோதுகூட, நாயின் பிறந்தநாள் முடிந்த பிறகுதான் மலைக்கு முறை வந்தது. தைச்சி பிறந்த ஊர் என்பதால் ஒனாகியில் இருக்கிற எங்களுக்கு இதெல்லாம் பெருமை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். முதல் வருஷம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒனாகி ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தோமியேவுக்கு பேஸ்பாலில் ஓர் அட்சரம் தெரியாது. அவள் கணவர் கோஸோவுக்கு அதுவும் தெரியாது. அவருக்கு சுமோதான் உயிர். இரண்டு பேருமாகக் காலையில் எழுந்து அரிசி கழுவுவார்கள், வெங்காயம் நறுக்குவார்கள், பன்றிக்கறியைத் தட்டிப் பொரித்து முட்டையோடு சோற்றின்மேல் கவிழ்த்து கட்சுதோன் போடுவார்கள். நாற்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்டால் கோஸோ உள்ளே போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் கடைக்குள் நாகுமோ வந்து சேர்ந்தான். டோக்கியோ சேனல் ஒன்றுக்காக எங்கள் மாகாணத்தில் படம் பிடித்து அனுப்புகிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் பசித்த முகம். தைச்சி பள்ளிக்கூட நாளில் இந்தக் கடையில் சாப்பிட்டிருக்கிறான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டே தடவதான் வந்தான். அதுலயும் ஒரு தடவ தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார் கோஸோ.

"இன்னொரு தடவ சாப்பிட்டான்ல, அப்பா?" என்றான் நாகுமோ.

"சாப்பிட்டான்."

"அது போதும்."

மறுநாள் டி.வி.யில் தோமியேவின் கட்சுதோன் 'தைச்சியை வளர்த்த கிண்ணம்' ஆகிவிட்டது. கோஸோவுக்குக் காது சிவந்துபோயிற்று. டாக்ஸி ஓட்டுகிற உசுயி, வழக்கமாக மதியம் வந்து உட்காருகிறவர், விடவில்லை. "நானும் முப்பது வருஷமா தின்னுட்டுத்தான் இருக்கேன். என்னை ஏன் வளர்க்கல?" என்றார்.

நாகுமோ எல்லாரையும் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுவான். டி.வி.க்காரர்களின் வழக்கம் அது, வழியில் போகிறவளையும் அம்மா என்பார்கள். ஆனால் தோமியேவை அதற்குமுன் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் அதில் விழுந்துவிட்டாள். அவனுக்கென்று பெரிய கறித்துண்டாகப் பார்த்து எடுத்துவைப்பாள். பனிக்காலத்தில் அவன் காமிராவைப் பிடித்துப் பிடித்து விரல் வெடித்தபோது களிம்பு வாங்கிவைத்தாள். அவனும் சமையலறைக்குள் வந்து பலகையில் உட்கார்ந்து சூப் குடிப்பான், தன் மேலதிகாரியைத் திட்டுவான், டோக்கியோவில் பெண் பார்த்த கதை சொல்வான். பெற்ற பிள்ளை இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று அவள் ஒருமுறை கோஸோவிடம் வாய்விட்டே சொன்னாள். அவர் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் இங்கே காலை. கடை திறப்பதற்கு முன்னால் ஏழெட்டுப் பேரைக் கூட்டி டி.வி. முன் உட்காரவைத்து, தைச்சி அடித்ததும் அவர்கள் குதிப்பதைப் படம் பிடிப்பான் நாகுமோ. கோஸோ குதிக்க மாட்டார். பானை மூடியை எடுத்து அகப்பையால் டங் டங்கென்று தட்டுவார், அதுவும் தோமியே இடுப்பில் இடித்தால்தான். அதுவே நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் கடைக்கு வந்து "அகப்பைத் தாத்தா எங்க?" என்று கேட்டார்கள். அகப்பைத் தாத்தா பின்வாசல் வழியாக ஓடிவிடுவார். காமிராவைக் கண்டால் அவருக்கு அவ்வளவு கூச்சம். கல்யாணப் படத்திலேயே தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவர் அவர்.

ஜூனில் மழைக்காலம் தொடங்கிய வாரம், கடைக்கு விடுமுறை நாளில் நாகுமோ வந்தான்.

"ஒரு சின்ன உதவிம்மா. எல்லா ஆட்டத்துக்கும் எங்களால வர முடியறதில்ல. சும்மா கையிருப்புக்கு மூணு காட்சி எடுத்து வெச்சுக்கறோம். ஒண்ணு சந்தோஷம். ஒண்ணு ரொம்ப சந்தோஷம். ஒண்ணு சோகம்."

"சந்தோஷத்துக்கும் ரொம்ப சந்தோஷத்துக்கும் எத்தனை தட்டு வித்தியாசம்?" என்று கேட்டார் கோஸோ. அவர் கிண்டல் செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சந்தோஷத்துக்கு மூணு தட்டு, அப்பா. ரொம்ப சந்தோஷத்துக்கு நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

உசுயியும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். நாகுமோ சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றினான், கடிகாரத்தையும் கழற்றினான். மேசையில் தோமியே வைத்திருந்த நீலப் பூங்கொத்தைத் தூக்கி அடியில் வைத்தான்.

"பூ இருந்தா நல்லாத்தானே இருக்கும்?"

"பூ மாசத்தைக் காட்டிக் குடுத்துரும்மா."

என்ன மூளை இந்தப் பிள்ளைக்கு என்று தோமியே வியந்து சிரித்தாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். யார்தான் யோசித்தோம்?

முதல் இரண்டு காட்சியும் முடிந்தன. கோஸோ கணக்கெழுதுகிற குமாஸ்தா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தட்டினார், தோமியே பக்கத்தில் நின்று கைதட்டிச் சிரித்தாள். மூன்றாவதில்தான் சிக்கல். தைச்சி தோற்றுவிட்டான் என்று நினைத்து எல்லாரும் தலையில் கைவைத்தார்கள், கோஸோவுக்கு மட்டும் வெட்கச் சிரிப்பு அடங்கவில்லை. எத்தனை முறை எடுத்தாலும் அதே சிரிப்பு.

"அப்பா, ஆட்டத்த விடுங்க. உங்களுக்குத் துக்கமான விஷயம் எதையாவது நெனச்சுக்குங்க" என்றான் நாகுமோ.

கோஸோ மூடியைக் கையில் பிடித்தபடி சிறிது நேரம் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பார்வை மெல்ல டி.வி.யிலிருந்து நகர்ந்து தோமியேவிடம் வந்தது. அவர் முகம் மாறியது. தோமியே அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. மூடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அவள் தோள்மேல் கையை வைத்தார். நாலு பேர் பார்க்க அவளைத் தொட்டதே கிடையாத மனுஷன். நாகுமோ 'போதும்' சொல்ல மறந்துபோய் காமிராவைப் பிடித்தபடியே நின்றான்.

எல்லாரும் போனபின் பாத்திரம் கழுவும்போது தோமியே கேட்டாள். "அப்ப என்னத்த நெனச்சீங்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்களேன். குடியா முழுகிடும்?"

"நீ இல்லாம, காலைல நான் தனியா அரிசி கழுவுறத நெனச்சுப் பாத்தேன்" என்றார். உடனே, "அந்த வெங்காயத்த இப்படித் தள்ளு" என்றார்.

ஆகஸ்டில், முன்னோருக்குப் படைக்கிற ஓபோன் நாட்கள் கழிந்த மறுவாரம், அரிசி கழுவிக்கொண்டிருந்த கோஸோ அப்படியே சரிந்தார். தோமியே கூடத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் நிற்காமல் கேட்கிறதே என்று உள்ளே போய்ப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவுச் சடங்குக்குப் படம் வேண்டும் என்றார்கள். வீட்டை இரண்டாகப் புரட்டியும் கோஸோ நேராகப் பார்க்கிற படம் ஒன்று கிடைக்கவில்லை. சுற்றுலாப் படங்களில் அவர் முதுகு இருந்தது, இல்லையென்றால் பாதிக் காது. கடைசியில் ஓட்டுநர் உரிமத்தில் இருந்ததைப் பெரிதாக்கிக் கறுப்புச் சட்டத்தில் போட்டார்கள். போலீஸ்காரன் நிறுத்திக் கேள்வி கேட்ட மாதிரி ஒரு முகம். பூக்களுக்கு நடுவே அதைப் பார்க்கப் பார்க்க தோமியேவுக்கு யாருடைய சாவுக்கோ வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

நாகுமோ கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தான். ஊதுபத்தி ஏற்றும்போது குலுங்கி அழுதான். எல்லாரும் பார்த்தோம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு தோமியே கேட்டாள்.

"நாகுமோ, அன்னிக்கு எடுத்தீங்கள்ல, மூணாவது. அதுல இருந்து அவர் முகத்த மட்டும் ஒரு படம் போட்டுக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"கட்டாயம்மா. அது என் கடமை."

அந்த வாரக் கடைசியில் போன் செய்தான். "தேடிப் பாத்தேம்மா. பயன்படுத்தாத படத்த எல்லாம் அப்பப்ப அழிச்சுடுவாங்க. அதுவும் போயிடுச்சு. மன்னிச்சுக்குங்க." அவன் குரல் தழுதழுத்தது. தோமியேதான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள்.

கடைக் கதவில் துக்க அறிவிப்பு ஒட்டியாயிற்று. நாற்பத்தொன்பதாம் நாள் வரைக்கும் அஸ்திப் பெட்டி வீட்டில் வெள்ளைத் துணி விரித்த மேடையில்தான் இருக்கும். அதுவரை நாங்கள் கொண்டாட்டம் எதிலும் கலந்துகொள்வதில்லை, வாய்விட்டுச் சிரிப்பதுகூட அடக்கித்தான். தோமியே காலையில் எழுந்து ஒரு கைப்பிடி அரிசி கழுவி, சோறாக்கி அங்கே வைப்பாள். டி.வி.யைப் போடுவதே இல்லை.

அந்த நாட்கள் முடியும் முன்பே தைச்சி ஏதோ ஒரு சாதனையை உடைத்தான். அன்று காலை தோமியே மேடையில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கோஸோவின் மூத்த அக்கா ஷிகே. சுள்ளென்று பேசுகிறவள்.

"தோமியே, டி.வி. போட்டிருக்கியா?"

"இல்லக்கா."

"போடு. போட்டு உன் மூஞ்சிய நீயே பாரு."

போட்டாள். 'சொந்த ஊர் ஒனாகியில் இன்று காலை' என்று தடித்த எழுத்து. அதற்குக் கீழே கோஸோ பானை மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார். டங் டங் டங் டங். பக்கத்தில் கோடைக்கால ஏப்ரனோடு தோமியே பல் தெரியச் சிரித்துக் கைதட்டினாள். சுவரில் கடிகாரம் இல்லை, நாள்காட்டி இல்லை, மேசையில் பூ இல்லை. ஸ்டுடியோவில் ஒரு நகைச்சுவைக்காரன் தொடையைத் தட்டினான். "தாத்தா இன்னிக்கும் என்ன தெம்பு! இவரு நூறு வருஷம் இருப்பாரு."

தோமியே திரைக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். கோபம் அப்போது வரவில்லை. "ஏங்க" என்றாள். அதற்குள் தைச்சியின் நாயைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"தம்பி எலும்பு இன்னும் வீட்டுல இருக்கு" என்றது போன். "நீ பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கற. என்ன குடுத்தாங்க உனக்கு?"

"அக்கா, அது பழசு. ஜூன்ல எடுத்தது."

"இன்னிக்குன்னுதானே போட்டிருக்கான்? ஊரே நம்புது. நான் யார் வாயப் போய் மூடறது?"

எல்லாச் சேனலும் அதை வாங்கி அன்று முழுவதும் ஓட்டின. மறுநாள் காய்கறிக் கடையில் ஒருத்தி, "பரவால்ல, சீக்கிரமே மனசத் தேத்திக்கிட்டீங்க" என்றாள். தோமியே முள்ளங்கியை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. அழிந்துபோன படம் எப்படி வந்தது?

மன்னிப்புக் கேட்க வந்தார்கள். நாகுமோவும் அவன் மேலதிகாரியும், உயர்ந்த கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு. மேடைக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, பாயில் நெற்றி படக் குனிந்தார்கள். ஷிகே அக்கா தோமியேவுக்கு அருகில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"டோக்கியோவுல விஷயம் தெரியாத யாரோ எடுத்துப் போட்டுட்டாங்க" என்றார் மேலதிகாரி.

தோமியே நாகுமோவை மட்டும் பார்த்தாள். "அனுப்பினது யாரு?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "கேட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா. இந்த ஊர்ல இருந்து அகப்பைத் தாத்தா வேணும், அவர்தான் வேணும்னு. அன்னிக்குக் காலைல என்கிட்ட வேற படமே இல்ல."

"எனக்கு அழிஞ்சு போச்சுன்னு சொன்னியே."

"வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுங்கறது விதிம்மா. இருக்கு, ஆனா தரமாட்டோம்னு உங்க முகத்தப் பாத்துச் சொல்ல மனசு வரல."

வெளியாள். அவள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் சமையலறையில் உட்கார்ந்து சூப் குடித்தவன், என் களிம்பைத் தடவிக்கொண்டவன், என் புருஷன் தலைமாட்டில் அழுதவன். அவனுக்கு நான் வெளியாள். அந்த அழுகை பொய்யாக இருந்திருந்தாலாவது தாங்கியிருப்பாள். உண்மையாகவே அழுதுவிட்டு இதைச் செய்திருக்கிறானே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"அப்ப அந்த மூணாவதும் இருக்கு" என்றாள்.

"இருக்கும்மா."

"அதக் குடு. இனிப்ப எடுத்துக்கிட்டுப் போ, அதக் குடு."

மேலதிகாரி மறுபடி குனிந்தார். ஒளிபரப்பாகாத காட்சி நிறுவனத்தின் சொத்து, தனியார் யாருக்கும் கொடுப்பதற்கில்லை, மிகவும் வருந்துகிறோம் என்றார். அவர் வருந்திய விதத்தில் அதற்குமேல் பேச இடமே இல்லை.

"குடுக்கலைன்னா விடுங்க" என்று ஷிகே அக்கா குறுக்கிட்டாள். "ஆனா என் தம்பி முகம் இனிமே டி.வி.யில வரவே கூடாது. சந்தோஷமோ சோகமோ, எதுலயும். அத எங்க முன்னாடி சொல்லிட்டுப் போங்க. என்ன தோமியே?"

எல்லாரும் தோமியேவைப் பார்த்தார்கள். புருஷன் வீட்டு மூத்தவள் கேட்கிறாள், அஸ்தி எதிரே இருக்கிறது. கோபமும் இன்னும் தணியவில்லை.

"ஆமா. வரவே கூடாது" என்றாள்.

"சத்தியமா வராதும்மா" என்றான் நாகுமோ.

"என்னை அம்மாங்காத."

இலையுதிர்காலத்தில் அஸ்தியைக் கல்லறையில் வைத்தார்கள். மேடை காலியானது, உரிமத்து முகம் மட்டும் மிஞ்சியது. தோமியே கடையைத் திறக்கவில்லை. ஆனால் டி.வி.யைப் போட ஆரம்பித்தாள். காலையில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவாள். உசுயி நலம் விசாரிக்க வந்தவர் திகைத்துப்போனார்.

"நீங்களா பேஸ்பால் பாக்கறீங்க? விதி தெரியுமா?"

"மூணு தடவ மட்டை வீசி பந்து படலைன்னா அவுட். அது தெரிஞ்சா போதும்."

உசுயிக்கு மெல்லப் புரிந்தது. டீயைக் குடித்துவிட்டுப் போனார். தைச்சி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஜீவன் அவன் சொந்த ஊரில் இருந்தது. சும்மா ஒரு ஆட்டத்தில் தோற்றால் போதாது. சொந்த ஊரின் சோகத்தைக் காட்டியே தீரவேண்டும் என்கிற அளவுக்குத் தோற்க வேண்டும். அப்போது அவர்களுக்குக் கை அரிக்கும், கையிருப்பைத் துழாவுவார்கள், மூன்றாவது வெளியே வரும். சத்தியமாவது ஒன்றாவது. இவர்கள் எந்தச் சொல்லைத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்? ஒரு தடவை சாப்பிட்டதை வளர்த்தது என்றார்கள், இருந்ததை இல்லை என்றார்கள், செத்தவரை இன்று காலை என்றார்கள். இதில் மட்டுமா யோக்கியர்களாகிவிடப் போகிறார்கள்? அவர்களுடைய அயோக்கியத்தனத்தை அவள் முழுசாக நம்பினாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. கோப்பை யாருக்கு என்று முடிவாகிற ஆட்டம். கடைசியில் மட்டையோடு நின்றது தைச்சிதான். மூன்றாவது முறை வீசினான். பந்து படவில்லை.

ஸ்டுடியோவில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். தோமியே முழங்காலை இறுக்கிக்கொண்டு, திரைக்கு மிக அருகில், தன் தோளை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். 'சொந்த ஊர் ஒனாகி கண்ணீரில்' என்று எழுத்து விழுந்தது.

தபால் நிலையத்துக்கு அடுத்த முடிதிருத்தகத்தைக் காட்டினார்கள். முடிதிருத்துகிறவர் சீப்பைக் கீழே போட்டார், நாலு வாடிக்கையாளர்கள் தலையில் கைவைத்தார்கள். அந்தச் சுவரில் கடிகாரம் இல்லை. தோமியே வேறு சேனலுக்கு மாற்றினாள். அங்கேயும் முடிதிருத்தகம். இன்னொன்றில் தைச்சியின் நாய். மதியம் வரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். சாயங்காலச் செய்தியிலும் சீப்புதான் விழுந்தது.

போன் அடித்தது.

"பாத்தியா தோமியே?" என்றாள் ஷிகே அக்கா. குரலில் அப்படியொரு திருப்தி. "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க. தம்பி முகத்தக் காட்டவே இல்ல."

"ஆமாக்கா" என்றாள் தோமியே. "காட்டவே இல்ல."